மன்னிக்கச் சொல்வதற்கு முன்



ஒரு காட்சியை மனதில் நினைத்துப் பாருங்கள். பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு லயக் காம்பரா. அங்கே இருக்கும் தாயின் மகன் வன்னிக்கு வேலை தேடிப் போனவன். 2009க்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைச் சகோதரிகள் நால்வர் அவரைப் பார்க்க வருகிறார்கள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அந்தத் தாயின் கண் கலங்குகிறது.

“அக்கா, அழாதீங்க. ஆண்டவருக்குத் தெரியாம ஒண்ணும் நடக்காது. செஞ்சவங்கள மன்னிச்சிடுங்க. மன்னிச்சாத்தான் உங்களுக்குச் சமாதானம் வரும்” என்கிறார் ஒருவர். மற்றவர்கள் ஆமென் சொல்கிறார்கள். எல்லோரும் அந்தத் தாயின் தலையில் கைவைத்து உரக்க ஜெபிக்கிறார்கள். அவரும் தலையை ஆட்டுகிறார். அடுத்த ஞாயிறு அவர் ஆராதனைக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. “அக்காவுக்கு விசுவாசம் குறைஞ்சு போச்சு” என்று சபையில் பேச்சு எழுகிறது.

இது ஒரு லயத்தில் மட்டும் நடப்பது அல்ல. போன நால்வரும் நல்லவர்கள். தங்கள் வேலையை விட்டுவிட்டு, மலை ஏறி வந்தவர்கள். அவர்கள் பேசியதும் விசுவாசத்தின் பேரிலேதான். ஆனாலும் அந்தத் தாயின் காயம் இன்னும் ஆழமாகிவிட்டது. ஏன் அப்படி நடந்தது, காயப்பட்ட மனதுக்கு நம்முடைய விசுவாசம் எப்போது மருந்தாகிறது, எப்போது பாரமாகிறது என்பதைப் பற்றித்தான் இம்மாதம் பேசப்போகிறோம்.

நாம் வாழும் மண்

பண்டாரவளை அழகான ஊர். குளிர்காற்றும் தேயிலை மலையும் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். ஆனால் இந்த மண்ணுக்குள் எவ்வளவு கண்ணீர் இருக்கிறது என்பது நமக்குத்தான் தெரியும். 1983 ஜூலையில் வன்செயல் பதுளை நகரத்தை எரித்துவிட்டு பண்டாரவளைப் பக்கமும் வந்தது. அதற்கு முன்னும் பின்னும், 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பயந்து மலையகக் குடும்பங்கள் பல வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறின. உயிர் தப்பப் போன இடத்திலேயே அவர்களுக்கு யுத்தம் காத்திருந்தது. 2009 இல் யுத்தம் முடிந்தபோது அவர்களில் பலர் பிள்ளைகளை இழந்திருந்தார்கள். மலையகத்தில் தங்கியவர்களுக்கும் சோதனைச் சாவடியும், சுற்றிவளைப்பும், 1979 இல் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதுகளும் இருந்தன.

பிந்துனுவெவ என்ற பெயரைச் சொன்னால் இன்றும் பல தாய்மாருக்கு நெஞ்சு நடுங்கும். பண்டாரவளை நகரத்துக்கு அருகில் இருந்த அந்தப் புனர்வாழ்வு முகாமில் 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி காலையில் வெளியிலிருந்து வந்த கூட்டம் ஒன்று புகுந்தது. அங்கே வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்களில் 25 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். பொலிஸார் அங்கே இருந்தும் இது நடந்தது. 2003 இல் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் மேன்முறையீடுகளுக்குப் பின், 2005 இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு, தண்டிக்கப்பட்ட எல்லோரும் விடுதலை ஆகிவிட்டார்கள்.

அந்த இளைஞர்களில் ஒருவனுடைய தாயை நினைத்துப் பாருங்கள். “மன்னித்துவிடு” என்று நாம் அவரிடம் சொன்னால், “யாரை?” என்று அவர் கேட்பார். குற்றவாளி என்று சட்டத்தின் முன் ஒருவர்கூட இல்லை. “நான் செய்தேன்” என்று யாரும் வந்து சொல்லவும் இல்லை. அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லாதபோது, மன்னிக்கச் சொல்வதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

மனவடு விசுவாசக் குறைவு அல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்வோம். ஆபத்து வரும்போது நம் உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முழு விழிப்புக்கு வருகிறது. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வேகமாகிறது, கைகால் ஓடத் தயாராகிறது. ஆபத்து போன பிறகு உடம்பு மெல்ல அமைதியாக வேண்டும். பயங்கரமான அனுபவங்களுக்கு உள்ளான சிலருக்கு அந்த அமைதி வருவதில்லை. இரவில் லொறிச் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருகிறார்கள். தீபாவளி வெடிச் சத்தத்துக்கு நடுங்குகிறார்கள். எரிந்த வாடை வந்தால் பழைய நாள் கண்முன் வந்து நிற்கிறது. கெட்ட கனவு, தூக்கமின்மை, காரணமில்லாத கோபம், எதிலும் பற்றில்லாமல் மரத்துப்போன நிலை எல்லாம் இதன் அடையாளங்களே.

உலகத்து மனநல வைத்தியர்கள் இதை ஒரு நோயாகப் பெயர் சொல்லி வகுத்தது 1980 இல்தான். நம் தமிழில் இதைப் பற்றி விரிவாக எழுதியவர் யாழ்ப்பாணத்து மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். ‘மனவடு’ என்ற அவருடைய நூலின் பெயரே இன்று நம் எல்லோருடைய பேச்சுச் சொல்லாகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் யுத்தத்தின் நடுவிலேயே தொடங்கப்பட்ட சாந்திகம் போன்ற உளவளத்துணை நிலையங்கள், குண்டுச் சத்தத்தின் இடையில் நம் பெண்களின் கதைகளைக் கேட்டன. பாதிக்கப்பட்டவர்களில் அநேகர் நல்ல துணை கிடைத்தால் காலப்போக்கில் தேறுகிறார்கள். சிலருக்கு வைத்தியம் தேவைப்படுகிறது.

ஆகவே “ஜெபித்தும் தூக்கம் வரவில்லையே, என் விசுவாசம் போய்விட்டதா?” என்று கேட்கும் சகோதரிக்கு நாம் சொல்ல வேண்டியது இதுதான்: “இல்லை அம்மா, காயம் பட்ட உடம்பு இப்படித்தான் இருக்கும்.” கால் முறிந்தவரை விசுவாசம் இல்லாததால் நொண்டுகிறார் என்று நாம் சொல்வதில்லை.

முதலில் சோறும் தூக்கமும்

வேதாகமத்தில் எலியா தீர்க்கதரிசியின் கதை நமக்குத் தெரியும். அரசி யேசபேல் கொல்லப்போகிறாள் என்று தெரிந்ததும் அவர் வனாந்தரத்துக்கு ஓடுகிறார். ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாவு வந்தால் போதும் என்று ஜெபிக்கிறார். அப்போது கடவுள் என்ன செய்தார்? அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பிரசங்கம் செய்யவும் இல்லை. தூங்க விட்டார். ஒரு தூதன் வந்து தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்க விட்டு, மறுபடியும் சாப்பிடச் சொன்னான். கடவுள் அவரோடு பேசியது அதற்குப் பிறகு பல நாள் நடந்து மலைக்குப் போன பின்தான்.

இதையே ஜூடித் ஹேர்மன் என்ற அமெரிக்க மனநல வைத்தியர் 1992 இல் வெளிவந்த தம் நூலில் வேறு விதமாகச் சொன்னார். மனவடு ஆறுவதற்கு மூன்று படிகள் உண்டு. முதலாவது பாதுகாப்பு. இரண்டாவது நடந்ததை நினைத்து, சொல்லி, அழுவது. மூன்றாவது மனிதரோடும் வாழ்க்கையோடும் மறுபடி இணைவது. முதல் படி இல்லாமல் இரண்டாவது படிக்கு ஏற்றினால் ஆள் விழுந்துவிடுவார்.

நம் லயங்களில் பாதுகாப்பு என்றால் என்ன? மழையில் ஒழுகாத கூரை. பிள்ளைகளுக்கு அரிசி. குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடமிருந்து இரவில் ஒதுங்க ஓர் இடம். அடையாள அட்டை, மரணச் சான்றிதழ், இழப்பீட்டு விண்ணப்பம் போன்ற கடதாசி வேலைக்குக் கூட வர ஓர் ஆள். கிராம அலுவலரிடம் ஒரு சகோதரியோடு கூடப்போய் நின்றால் அதுவும் உளவளத்துணைதான். அதுவும் ஊழியம்தான்.

காதைக் கொடுப்பது

யோபுவின் நண்பர்கள் மூவரும் அவருடைய துன்பத்தைக் கேள்விப்பட்டு வந்தார்கள். ஏழு நாளும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் செய்ததில் நல்லது அந்த ஏழு நாள்தான். வாயைத் திறந்த பிறகு, “நீ ஏதோ பாவம் செய்திருப்பாய்” என்ற பாணியில் பேசி யோபுவை நோகடித்தார்கள். கதையின் முடிவில் கடவுள் அந்த நண்பர்கள் மேல்தான் கோபப்பட்டார். அழுது புலம்பி வழக்காடிய யோபுவின் மேல் அல்ல.

உலக சுகாதார ஸ்தாபனமும், வேர்ல்ட் விஷன் என்ற கிறிஸ்தவ நிறுவனமும், வோர் ட்ரோமா பவுண்டேஷனும் சேர்ந்து 2011 இல் உளவியல் முதலுதவி பற்றி ஒரு கைநூல் வெளியிட்டன. அதன் சாரம் மூன்று சொற்கள்: பார், கேள், இணை. யாருக்கு என்ன தேவை என்று பார்ப்பது, அவர் சொல்ல விரும்புவதைக் கேட்பது, உதவி கிடைக்கும் இடத்தோடு இணைத்துவிடுவது. நடந்ததை எல்லாம் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக்கூடாது என்றும் அந்நூல் எச்சரிக்கிறது. நம்மிடையே இது நன்றாகத் தெரிய வேண்டும். “மனசில வச்சிருக்காம எல்லாத்தையும் கொட்டிடுங்க அக்கா” என்று ஒரே நாளில் கிளறிவிட்டுப் போனால், அந்த இரவு அவர் தனியாக அந்த நெருப்புக்குள் கிடப்பார். கூட்டத்தில் எழுந்து சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்துவதும் அப்படியே.

ஆகாரின் கதையைப் பாருங்கள். சாராளின் வீட்டு அடிமைப் பெண், அந்நிய நாட்டுக்காரி, கர்ப்பிணி, கொடுமை தாங்காமல் ஓடியவள். வனாந்தரத்தில் அவளைத் தேடி வந்த தூதன் அவளைப் பெயர் சொல்லி அழைத்தான். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்டான். எஜமானர்களின் வாயில் அடிமைப்பெண் என்றே இருந்தவளுக்குப் பெயர் சொல்லி ஒரு கேள்வி கிடைத்தது. தன்னைக் காண்கிற கடவுள் என்று அவள் கடவுளுக்கே பெயர் வைத்தாள்.

அதே கதையில் அவளைத் திரும்பிப் போகச் சொன்ன பகுதியும் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு, அடிபட்டு வந்த மனைவியை “வீட்டுக்குப் போய் அடங்கி இரு” என்று அனுப்புகிறவர்கள் உண்டு. அது தவறு. அந்தப் பகுதியிலிருந்து எல்லாப் பெண்ணுக்கும் ஒரு சட்டம் செய்ய முடியாது. பின்னொரு நாள் அவள் அந்த வீட்டைவிட்டு நிரந்தரமாக வெளியேறியபோதும், தண்ணீர் தீர்ந்து பிள்ளை சாகக் கிடந்த இடத்தில், கடவுள் அவளுக்கு ஒரு துரவைக் காட்டினார் என்பதும் அதே நூலில்தான் இருக்கிறது.

புலம்பலும் ஜெபம்தான்

சபைகளில் நாம் அடிக்கடி செய்யும் தவறு, அழுகையை அவசரமாக ஸ்தோத்திரமாக மாற்றப் பார்ப்பது. ஆனால் நம் வேதாகமத்தில் புலம்பல் என்றே ஒரு புத்தகம் இருக்கிறது. சங்கீதங்களில் பெருந்தொகையானவை முறைப்பாடுகள். எவ்வளவு காலம், ஏன் மறந்தீர் என்று கடவுளையே கேட்பவை. 88ஆம் சங்கீதம் ஒரு நல்வார்த்தையும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் யாரும் வெட்டி எறியவில்லை. சிலுவையில் தொங்கிய இயேசுவே தாம் கைவிடப்பட்டதாகக் கதறினார். நம்முடைய ஆண்டவருக்கே அப்படிக் கேட்க இடமிருந்தது என்றால், பிள்ளையை இழந்த தாய்க்கு இடமில்லையா?

நம் மலையகப் பெண்களுக்கு இது புதிதல்ல. சாவு வீட்டில் ஒப்பாரி வைப்பவர்கள் நாம். இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவர் செய்ததைச் சொல்லி, வைத்துவிட்டுப் போன பிள்ளைகளைச் சொல்லி, கூடியிருக்கும் பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுவார்கள். கிறிஸ்தவர்கள் ஒப்பாரி வைக்கக்கூடாது என்று சில இடங்களில் தடுத்தார்கள். நம்பிக்கையற்றவர்களைப் போல அழ வேண்டாம் என்று பவுல் எழுதினாரே தவிர, அழவே வேண்டாம் என்று எழுதவில்லை. லாசருவின் கல்லறையில் இயேசுவும் அழுதார்.

ஆப்பிரிக்க நாடுகளின் யுத்தங்களுக்கு நடுவில் அங்குள்ள சபைகளுக்காக ஹரியட் ஹில், மார்கரட் ஹில் முதலியோர் எழுதி 2004 இல் நைரோபியில் வெளிவந்த ஒரு கைநூல் பல நாடுகளுக்கும் பரவியிருக்கிறது. அதில் பாதிக்கப்பட்டவர்களே தம் சொந்தப் புலம்பலைச் செய்யும் பயிற்சி ஒன்று உண்டு. நீங்களும் செய்து பார்க்கலாம். முதலில் கடவுளைக் கூப்பிடுங்கள். பிறகு முறையிடுங்கள், கோபம் இருந்தால் கோபத்தையும் சொல்லுங்கள். பிறகு என்ன வேண்டும் என்று கேளுங்கள். முடிந்தால் நம்பிக்கையாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், அது பிறகு வரட்டும். எழுதத் தெரியாதவர்கள் பாட்டாகவே சொல்லலாம்.

அந்தக் கைநூலில் இன்னொரு பழக்கமும் உண்டு. வேதனைகளைத் துண்டுக் கடதாசியில் எழுதி, சிலுவையின் அடியில் வைத்து எரிப்பார்கள். நம்மூரில் இதைச் செய்யும்போது யோசிக்க வேண்டும். 1983 இல் வீடு எரிந்ததைப் பார்த்த பெண்ணுக்கு அந்தப் புகையும் தீயும் என்ன செய்யும்? பிந்துனுவெவயை நினைத்து நடுங்குகிற தாய்க்கு என்ன செய்யும்? எரிப்பதற்குப் பதிலாக மண்ணில் புதைத்து அதன் மேல் ஒரு பூச்செடி நடலாம். வெளியிலிருந்து வரும் நல்ல முறையையும் நம் காயத்துக்கு ஏற்ப மாற்றித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளை எங்கே என்று தெரியாதவர்களுக்கு

இறந்தவருக்காக அழலாம். காணாமல் போனவருக்காக எப்படி அழுவது? அழுதால் அவன் செத்துவிட்டான் என்று ஒத்துக்கொண்டது போலாகிறது. அழாவிட்டால் நெஞ்சு அடைக்கிறது. போலின் பொஸ் என்ற அறிஞர் இதை முடிவு தெரியாத இழப்பு என்று விளக்கினார். இது அந்தப் பெண்ணின் மனக்கோளாறு அல்ல, அவருடைய நிலைமையே அப்படிப்பட்டது என்பதுதான் அவர் சொன்னதில் முக்கியம். ஆகவே “இனிமேல் வரமாட்டான், திதி கொடுத்துவிடு, நினைவு ஆராதனை வைத்துவிடு” என்று நாம் முடிவு சொல்லக்கூடாது. “விசுவாசித்தால் கட்டாயம் வருவான்” என்று வாக்குறுதி கொடுக்கவும் கூடாது. இரண்டும் நமக்குத் தெரியாது.

சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தில் ரிஸ்பாள் என்றொரு தாய் வருகிறாள். அரசியல் காரணத்துக்காகக் கொல்லப்பட்டு மலையில் போடப்பட்ட தன் இரண்டு பிள்ளைகளின் உடல்களையும் அவர்களோடு கொல்லப்பட்டவர்களின் உடல்களையும், பகலில் பறவைகளும் இரவில் மிருகங்களும் தொடாமல் காத்து நின்றாள். அறுவடைத் தொடக்கத்திலிருந்து மழை பெய்யும் வரை இரட்டுத் துணியைப் பாறையில் விரித்து அங்கேயே இருந்தாள். அவள் ஒரு வார்த்தை பேசியதாக எழுதப்படவில்லை. ஆனால் அவள் செய்தது தாவீது அரசனின் காதுக்கு எட்டியது. அவன் ஆட்களை அனுப்பி எலும்புகளைச் சேர்த்து முறையாக அடக்கம் செய்வித்தான். அதன் பின்தான் தேசத்துக்காகச் செய்த விண்ணப்பம் கேட்கப்பட்டது என்று வேதம் சொல்கிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சித் தெருவோரத்தில் பிள்ளைகளின் படங்களோடு உட்காரத் தொடங்கிய தாய்மாரைப் பார்க்கும்போதெல்லாம் ரிஸ்பாளின் நினைவு வருகிறது. பிள்ளையைத் தேடுவது விசுவாசத்துக்கு விரோதமான காரியம் அல்ல.

கைவைத்து ஜெபிக்க முன் கேளுங்கள்

இப்போது உளவளத்துணை செய்கிறவர்களுக்கும், வீடு சந்திக்கப் போகிறவர்களுக்கும் சில வார்த்தைகள்.

ஜெபிக்கட்டுமா என்று கேட்ட பின்பே ஜெபியுங்கள். “வேண்டாம்” என்றால் கோபிக்காதீர்கள். தலையில் கைவைக்க முன்னரும் கேளுங்கள். இராணுவத்தாலோ, பொலிஸாராலோ, தன் வீட்டு ஆணாலோ உடலில் கொடுமைப்பட்ட பெண்ணுக்கு, கண்ணை மூடச் சொல்லி நாலு பேர் சுற்றி நின்று கைவைப்பது பெரும் பயமாக இருக்கலாம். அவர் நடுங்கினால், நினைவு தப்பினாற்போல் இருந்தால், அதைப் பிசாசு என்று சொல்லிக் கத்தி விரட்டாதீர்கள். காலைத் தரையில் ஊன்றச் சொல்லுங்கள். கண்ணைத் திறந்து, அறையில் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். மூச்சை மெல்ல வெளியே விடச் சொல்லுங்கள். “நீங்க இப்ப பண்டாரவளையில இருக்கீங்க, நான் பக்கத்தில இருக்கேன்” என்று சொல்லுங்கள்.

கேட்ட இரகசியத்தை ஜெபக் குறிப்பாக்காதீர்கள். “இன்ன சகோதரிக்கு இப்படி நடந்ததாம், அவருக்காக ஜெபிப்போம்” என்று சபையில் சொன்னால் மாலைக்குள் எல்லா லயத்துக்கும் தெரிந்துவிடும். தாவீதின் மகள் தாமார் தன் சகோதரனாலேயே கெடுக்கப்பட்டபோது, பேசாமல் இரு என்று இன்னொரு சகோதரன் அவள் வாயை அடைத்தான். அவள் அந்த வீட்டில் பாழாகி இருந்தாள் என்று எழுதியிருக்கிறது. அவள் சொல்ல விரும்பும்போது வாயை அடைப்பதும், விரும்பாதபோது ஊருக்குச் சொல்வதும் ஒரே கொடுமையின் இரண்டு பக்கங்கள். யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பது அவருடைய முடிவாக இருக்கட்டும். லயச் சுவருக்குக் காது உண்டு. ஆகவே பேசுவதற்குத் தேயிலை மலைப் பாதையோ, பிள்ளைப் பராமரிப்பு நிலையத் திண்ணையோ, அவர் விரும்பும் இடத்தைத் தேடிக்கொள்ளுங்கள். அவர் உயிருக்கு ஆபத்து, அல்லது ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்றால் மட்டும் இரகசியம் காக்க முடியாது. அதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

நம் தோட்டங்களில் பெரும்பாலோர் மாரியம்மனை வணங்குகிறவர்கள். உடைந்துபோய் வரும் ஒரு சகோதரியின் பலவீனத்தைப் பார்த்து மதம் மாற்ற நினைப்பது உளவளத்துணைக்கு விரோதமானது, கிறிஸ்துவின் அன்புக்கும் விரோதமானது. நல்ல சமாரியன் வழியில் கிடந்தவனிடம் நீ யாரை வணங்குகிறாய் என்று கேட்கவில்லை. “இவ்வளவு கஷ்டத்திலும் உங்களைத் தாங்கினது எது?” என்று கேளுங்கள். கோயில் என்றாலும், திருவிழா என்றாலும், பிள்ளை முகம் என்றாலும் அதைப் பிடித்துக்கொண்டு நடக்க உதவுங்கள்.

எப்போது வைத்தியரிடம்?

சாக வேண்டும் என்று பேசினால், சாப்பாடு தூக்கம் இல்லாமல் நாட்கள் போனால், இல்லாத குரல் கேட்டால், பிள்ளையைக் கவனிக்க முடியாத அளவுக்குப் போனால், ஜெபத்தோடு நிறுத்தாமல் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போக வேண்டும். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் வழி காட்டுவார். பதுளை வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசிச் சேவை உண்டு. பெண்களுக்கு எதிரான கொடுமைகளுக்கு 1938 என்ற இலக்கம் இருக்கிறது. மருந்து சாப்பிடுவது பாவமல்ல. சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர்தான்.

மன்னிப்பு எங்கே வருகிறது?

அப்படியென்றால் மன்னிப்பு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஆனால் அது ஆறுகிற காயத்திலிருந்து தானாக வர வேண்டும். வெளியிலிருந்து கட்டளையாக வரக்கூடாது. யோசேப்பைச் சகோதரர்கள் விற்றார்கள். வருடங்கள் கழித்து அவர்கள் முன்னால் வந்து நின்றபோது அவர் உடனே கட்டிப்பிடிக்கவில்லை. தனியே போய் அழுதார். அவர்கள் மாறிவிட்டார்களா என்று சோதித்துப் பார்த்தார். செய்த குற்றத்தை அவர்கள் வாயாலேயே ஒத்துக்கொண்டதைக் கேட்டார். அதற்குப் பிறகுதான் தம்மை வெளிப்படுத்தினார். அப்போதும் நீங்கள் எனக்குத் தீமை நினைத்தீர்கள் என்பதை அவர் மறைக்கவில்லை.

மன்னிப்பு என்றால் மறப்பது அல்ல. வழக்கை விட்டுவிடுவது அல்ல. அடிக்கிறவனோடு போய்ச் சேர்ந்து வாழ்வதும் அல்ல. பழிவாங்கும் பாரத்தை என் கையிலிருந்து கடவுளின் கையில் வைப்பது என்று வேண்டுமானால் சொல்லலாம். அது ஒரு நாளில் நடப்பதில்லை. இன்று வைத்ததை நாளை மறுபடி எடுத்துக்கொள்வோம். மறுபடி வைப்போம். நீதி கேட்பதும் மன்னிப்பதும் ஒரே பெண்ணின் மனதில் ஒன்றாக இருக்கலாம்.

உயிர்த்தெழுந்த இயேசு சீடர்களிடம் வந்தபோது அவருடைய கையிலும் விலாவிலும் காயத்தின் அடையாளம் இருந்தது. தோமாவுக்கு அதைக் காட்டினார், தொட்டுப் பார்க்கச் சொன்னார். சாவை வென்றவரே தம் தழும்பை மறைக்கவில்லை. நீங்களும் மறைக்கத் தேவையில்லை, சகோதரிகளே.

இனி அந்த லயக் காம்பராவுக்குத் திரும்புவோம். அந்த நால்வரில் ஒருவர் மறுபடியும் அந்தத் தாயிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்த முறை தனியாகப் போகிறார். அடுப்படியில் அவருக்குப் பக்கத்தில் உட்காருகிறார். “அக்கா, அன்னிக்கு நாங்க அவசரப்பட்டுப் பேசிட்டோம். மகன் பேர் என்ன? எப்படிப்பட்ட பிள்ளை?” என்று கேட்கிறார். அந்தத் தாய் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறார். பிறகு பெட்டியைத் திறந்து ஒரு பள்ளிக்கூடப் படத்தை எடுத்துக் காட்டுகிறார்.

இந்த மாதம் உங்கள் பக்கத்துக் காம்பராவில் அப்படி ஒரு படம் பெட்டிக்குள் இருந்தால், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்த இதழில் மீண்டும் சந்திப்போம்.